அமெரிக்காவுக்கு அப்பா அம்மாவை அழைப்பது: வரிசை இல்லாத இடத்தில் ஏன் இத்தனை காத்திருப்பு?

அமெரிக்கக் குடிமக்கள் தங்கள் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்டால் அதற்கு வரிசையே கிடையாது என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்போம். மனு போட்டவர்களைக் கேட்டால் கதை வேறு. மனு போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது, இன்னும் மும்பையிலிருந்து நேர்காணல் தேதி வரவில்லை, இதற்கிடையில் அம்மாவுக்கு மூட்டுவலி கூடிவிட்டது, அப்பாவைத் தனியாக விட முடியவில்லை என்பார்கள்.

இரண்டு பேச்சுமே உண்மைதான். வரிசை இல்லை என்பது சட்டம். காத்திருப்பு என்பது அலுவலக வேலை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பு இன்றைக்கு யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் தாமதத்துக்கு ஏதாவது செய்ய முடியும். அதோடு, அந்தத் தாமதத்தில் ஒரு பங்கு நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் காகிதங்களால் வருவது. அதை மனு போடுவதற்கு முன்பே சரிசெய்துவிடலாம்.

யார் யாரை அழைக்கலாம்

பெற்றோரை அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் மனைவி அல்லது கணவருக்கும், மணமாகாத பிள்ளைகளுக்கும் மனு போடலாம். பெற்றோருக்குப் போட முடியாது.

இந்தியாவிலிருந்து எச்-1பி என்ற வேலை விசாவில் போனவர்களுக்கு உண்மையான காத்திருப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேலைவழிக் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. அதனால் இந்தியாவில் பிறந்தவர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறார்கள். கிரீன் கார்டு வந்த பிறகு பொதுவாக 5 ஆண்டு கழித்துத்தான் என்-400 படிவம் போட்டுக் குடியுரிமை கேட்க முடியும். குடிமகனை மணந்து அவரோடு வாழ்பவர்களுக்கு அது 3 ஆண்டு. இத்தனையும் முடியும்போது ஊரில் இருக்கும் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும்.

இதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர் கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால், அந்தப் பிள்ளையே பெற்றோருக்கு மனு போடலாம். வேலைவழி வரிசை நீண்டுகொண்டே போவதால் இந்த வழியைச் சில குடும்பங்கள் கணக்கில் வைத்திருக்கின்றன.

மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பனும் பெற்றோர் கணக்கில் வருவார்கள். ஆனால் அந்தத் திருமணம் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்கு முன் நடந்திருக்க வேண்டும். மாமனார், மாமியாருக்கு நேரடியாக மனு போட முடியாது. வாழ்க்கைத் துணை குடிமகனானால் அவர் போடலாம்.

'வரிசை இல்லை' என்பதன் பொருள்

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத் திருத்தம், குடிமக்களின் மனைவி அல்லது கணவர், சிறு வயதுப் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரை 'உடனடி உறவினர்' என்று தனியாகப் பிரித்தது. இவர்களுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. நாட்டுவாரி 7 சதவீதமும் பொருந்தாது. எந்தப் பிரிவில் எந்தத் தேதிவரை மனு போட்டவர்களின் முறை வந்திருக்கிறது என்று காட்டும் விசா அறிக்கை மாதாமாதம் வெளிவரும். அதில் இவர்களுக்கு என்று ஒரு தேதிப் பத்தியே இருக்காது. அந்த அறிக்கையைப் பார்த்து "நம் தேதி நகரவில்லையே" என்று கவலைப்படுபவர்கள் தமக்குச் சம்பந்தமில்லாத பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. உடனடி உறவினர் மனுவில் ஒருவரோடு இன்னொருவர் ஒட்டிக்கொண்டு வர முடியாது. அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். வீட்டில் மணமாகாத தங்கை இருந்தால் அவரை அம்மாவின் விசாவில் சேர்க்க வழியில்லை. அண்ணனோ அக்காவோ தங்கைக்குத் தனியாக மனு போடலாம். அது உடன்பிறந்தோர் பிரிவு. அந்தப் பிரிவில் இந்தியர்களுக்குக் காத்திருப்பு ஏறத்தாழ 20 ஆண்டு. பெற்றோர் கிரீன் கார்டு வாங்கிய பிறகு மணமாகாத மகளுக்கு அவர்கள் மனு போடுவது இதைவிடக் குறுகிய வழி, ஆனால் அதுவும் பல ஆண்டு எடுக்கும். பெற்றோர் இருவரும் கிளம்பிவிட்டால் ஊரில் தனியாக நிற்பது யார் என்ற கேள்வியைக் குடும்பம் மனு போடும் முன்பே பேசிவிட வேண்டும்.

கோப்பு நடக்கும் பாதை

பெற்றோர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு மூன்று மேசைகளைக் கடக்கும்.

1. முதல் மேசை, யுஎஸ்சிஐஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை. இங்கே ஐ-130 என்ற மனுவைப் போட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் தேதியில் வந்த கட்டணப்படி இணையத்தில் போட்டால் 625 டாலர், காகிதத்தில் போட்டால் 675 டாலர். இந்த மேசை கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவர் உண்மையிலேயே உங்கள் அப்பாவா, அம்மாவா? பெரும்பாலும் அதிக மாதங்கள் போவது இந்த மேசையில்தான்.

2. இரண்டாவது மேசை, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத் நகரில் இருக்கும் தேசிய விசா மையம். இது வெளியுறவுத் துறையின் கீழ் வருவது. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு இங்கே வரும். மும்பையில் நேர்காணல் நடக்க வேண்டிய கோப்புகளுக்குப் 'பிஎம்பி' என்று தொடங்கும் எண் கிடைக்கும். விசா கட்டணம் 325 டாலர், வருமான உறுதிமொழியைச் சரிபார்க்க 120 டாலர். பிறகு டிஎஸ்-260 விண்ணப்பம், வருமான உறுதிமொழி, பெற்றோரின் சான்றிதழ்கள் ஆகியவற்றை இணையத்தில் ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 'ஆவணங்கள் நிறைவு' என்று ஒரு கடிதம் வரும். நேர்காணலுக்கான காத்திருப்பு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

3. மூன்றாவது மேசை, தூதரகம். இந்தியர்களின் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கும். சென்னையில் துணைத் தூதரகம் இருந்தும் மும்பைக்கு ஏன் போக வேண்டும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சுற்றுலா, மாணவர், வேலை விசாக்கள் வேறு, குடியேற்ற விசா வேறு. சென்னையில் முன்னவை கிடைப்பதால் குடியேற்ற விசா நேர்காணலும் அங்கேயே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இலங்கைத் தமிழர்களுக்கு அது கொழும்பு.

ஐ-130 படிவத்தில் ஒரு சின்னக் கேள்வி வரும்: பெற்றோர் வெளிநாட்டுத் தூதரகத்தில் விசா வாங்கப் போகிறாரா, அமெரிக்காவுக்குள் இருந்தே நிலை மாற்றம் (பார்வையாளர் போன்ற நிலையிலிருந்து கிரீன் கார்டு நிலைக்கு மாறுவது) கேட்கப் போகிறாரா? இதில் 'அமெரிக்காவுக்குள்' என்று குறித்துவிட்டால், மனு ஏற்கப்பட்ட பிறகு கோப்பு விசா மையத்துக்குப் போகாமல் யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே தங்கிவிடும். அதை நகர்த்த ஐ-824 என்ற இன்னொரு படிவம் போட்டு, அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு வரியைக் கவனிக்காமல் நிரப்பியதால் வரும் தாமதம் இது.

பெயர், பிறந்த தேதி, திருமணம்: தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

முதல் மேசைக்கு முக்கியமான காகிதம் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். பெற்றோருடையது அல்ல. பலர் அம்மாவின் பிறப்புச் சான்றிதழைத் தேடி ஊராட்சி அலுவலகத்துக்கு அலைந்துகொண்டே மனு போடுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அம்மாவுக்கு மனு போட, அம்மா பெயர் இருக்கும் உங்கள் பிறப்புச் சான்றிதழும் உங்கள் குடியுரிமைச் சான்றும் போதும். அப்பாவுக்குப் போடும்போது இவற்றோடு பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். பெற்றோரின் பிறப்புச் சான்று இரண்டாவது மேசையில்தான் கேட்கப்படும். முதல் மேசையில் கோப்பு கிடக்கும் மாதங்களில் அதைத் தேடிக்கொள்ளலாம்.

இப்போது பெயருக்கு வருவோம். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயர் ஆகிவிடும். அமெரிக்காவில் அதுவே குடும்பப் பெயர். சுப்பிரமணியன் மகன் முருகன், அவர் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் அங்கே கார்த்திக் முருகன். அப்பா முருகன் சுப்பிரமணியன். அம்மாவின் பாஸ்போர்ட்டில் லட்சுமி முருகன், மகனின் பிறப்புச் சான்றிதழில் வெறும் 'லட்சுமி அம்மாள்', பழைய ரேஷன் கார்டில் 'எல்.மகாலட்சுமி'. நமக்கு இது ஒரே குடும்பம் என்று பார்த்ததும் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு ஐந்தாறு வேறு மனிதர்கள்.

இதற்குச் செய்யக்கூடியவை:

1. மனுவோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். இனிஷியல் என்றால் என்ன, யார் பெயர் எங்கே எப்படி வந்திருக்கிறது என்று சுருக்கமாக எழுதினால் போதும்.

2. வேறு வேறு எழுத்தில் இருக்கும் பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, அந்த இரண்டு பெயரும் வரும் பழைய ஆவணங்களை இணையுங்கள். பத்திரம் மட்டும் தனியாகப் பெரிய பலன் தராது. அதைத் தாங்கிப் பிடிக்கும் பழைய காகிதம்தான் முக்கியம்.

3. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் மனு போடும் முன்பே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்படியே விட்டால் அமெரிக்க விசாவில் பெயர் ஒரே சொல்லாகக் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யு' என்று வரும். அது கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம், மருத்துவமனைப் பதிவு என்று எல்லா இடத்திலும் தொடர்ந்து வந்து தொல்லை கொடுக்கும்.

4. தமிழில் இருக்கும் எந்தச் சான்றிதழுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அரசு மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, முழுமையாகவும் சரியாகவும் செய்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டால் ஏற்கப்படும்.

பிறந்த தேதி இன்னொரு சிக்கல். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன் வீட்டில் மருத்துவச்சி கையால் பிறந்தவர்களில் பலருக்குப் பதிவே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட, டிசியிலும் பாஸ்போர்ட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. பதிவு இருந்தாலும் அதில் வேறு தேதி இருக்கும். பதிவு இல்லை என்றால், இல்லை என்பதற்கான சான்றை உள்ளூர்ப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வாங்கி, அதோடு பள்ளிச் சான்று, பிறப்பை அறிந்த மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். அறுபது வருடம் கழித்துப் புதிதாகப் பதிவுசெய்த சான்றிதழ் ஒன்றை மட்டும் தனியாகக் காட்டினால் சந்தேகம்தான் கூடும். பழைய காகிதம் துணைக்கு இருக்க வேண்டும்.

பெற்றோரின் திருமணமும் பதிவாகியிருக்காது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வருடத்துக்கு முன் கோயிலிலோ வீட்டு வாசல் பந்தலிலோ நடந்த திருமணத்துக்குப் பத்திரிகையும் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களும்தான் மிச்சம். அவற்றைப் பத்திரமாக ஸ்கேன் செய்யுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் திருமணத்தைப் பதிய வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் அதுவே நல்லது.

எந்தக் காகிதமும் உறவை உறுதியாகக் காட்டவில்லை என்றால் அதிகாரிகள் மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மட்டும் செய்ய வேண்டும். போரில் வீட்டோடு எல்லா ஆவணத்தையும் இழந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது உண்மையிலேயே உதவக்கூடிய வழி.

அப்பா சவூதியிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவரா? 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த வெளிநாடு ஒவ்வொன்றிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் விட்டு வந்த நாட்டிலிருந்து அதை வாங்குவது சில வாரத்தில் முடியும் வேலையல்ல. எந்த நாட்டில் அது கிடைக்கும், எப்படி வாங்குவது, எங்கே கிடைக்கவே கிடைக்காது என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். மனு போட்ட வாரமே அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் பின்னால் பல மாதம் மிச்சமாகும்.

வருமான உறுதிமொழி

இந்த உறுதிமொழிக்கான ஐ-864 என்பது வெறும் படிவமல்ல, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். பெற்றோர் அரசு உதவித்தொகையை நம்பி வாழும் நிலை வந்தால் அந்தச் செலவை மகனோ மகளோ ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது அவர்கள் கணக்கில் 40 காலாண்டு வேலை சேரும்வரை, அல்லது அவர்கள் கிரீன் கார்டைக் கைவிட்டு நாட்டைவிட்டுப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை அது நிற்கும்.

வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டின் 125 சதவீதத்தைத் தொட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குப் பெற்றோர் இருவரும் வந்தால் 6 பேர். 2025 அளவுப்படி 6 பேருக்கு வறுமைக்கோடு 43,150 டாலர். அதன் 125 சதவீதம் ஏறத்தாழ 53,938 டாலர். இந்தத் தொகை ஆண்டுதோறும் மாறும். வருமானம் குறைந்தால், குறையும் தொகையைப் போல் 5 மடங்கு சொத்து காட்டலாம், அல்லது இன்னொரு குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ இணைப் பொறுப்பாளராகக் கையெழுத்திடலாம். அப்படிக் கையெழுத்திடும் நண்பருக்கு, தான் எத்தனை வருடத்துக்குப் பொறுப்பேற்கிறோம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நட்புக்காகப் படிக்காமல் போடும் கையெழுத்தாக இது இருக்கக் கூடாது.

மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்

பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்தான் செய்ய வேண்டும். சென்னையிலேயே செய்துகொள்ளலாம், மும்பை போகத் தேவையில்லை. தாமதம் வருவது மார்பு எக்ஸ்-ரேயில். இளவயதில் காசநோய் வந்து ஆறிய தழும்பு நுரையீரலில் தெரிந்தால், இப்போது நோய் இல்லை என்று உறுதிசெய்யச் சளிப் பரிசோதனை கேட்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து சளி எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று 8 வாரம்வரை பார்ப்பார்கள். அதனால் நேர்காணல் தேதி வந்ததும் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. மிகவும் முன்னால் செய்தாலும் சிக்கல், ஏனென்றால் அறிக்கை பொதுவாக 6 மாதம்தான் செல்லும். விசாவின் காலமும் அதை ஒட்டியே அமையும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் விசா கிடைக்காதா என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அவை மட்டுமே தடை என்று சட்டத்தில் இல்லை. ஆனால் 'அரசுக்குச் சுமையாவாரா' என்று அதிகாரி தீர்மானிக்கும்போது வயது, உடல்நலம், குடும்ப நிலை, பொருளாதாரம், கல்வி மற்றும் திறன் என்று ஐந்தையும் சேர்த்துப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. எனவே வருமானம் குறைந்தபட்ச அளவைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வீடுகள், சேமிப்பு, மருத்துவக் காப்பீட்டு ஏற்பாடு போன்றவற்றுக்கும் காகிதம் கையில் வைத்திருப்பது நல்லது.

நேர்காணலில் பெற்றோரிடம் கேட்கப்படுவது எளிய கேள்விகள்தான்: மகன் எங்கே இருக்கிறார், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், முன்பு அமெரிக்கா போனபோது எத்தனை நாள் தங்கினீர்கள்? ஏதாவது காகிதம் குறைந்தால் 221(ஜி) என்ற சீட்டைக் கொடுப்பார்கள். அது இறுதி மறுப்பு அல்ல. கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும்.

காத்திருக்கும்போது வந்துபோகலாமா

பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது, பேறுகாலத்துக்கு அம்மா வர வேண்டும். ஐ-130 நிலுவையில் இருக்கும்போது பி-2 பார்வையாளர் விசாவில் வரலாமா?

ஏற்கெனவே செல்லுபடியாகும் விசா இருந்தால் வரச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விமான நிலையத்தில் உள்ளே விடுவது அங்கிருக்கும் அதிகாரியின் முடிவு. திரும்பிப் போகும் பயணச்சீட்டும், ஊரில் வீடு, ஓய்வூதியம் போன்ற பிணைப்புகளுக்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். புதிதாக பி-2 கேட்டால் கிடைப்பது கடினம், ஏனென்றால் குடியேறும் எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டிய விசா அது. அந்த விண்ணப்பத்தில் 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா' என்று நேரடியாகவே கேட்பார்கள். அதற்கு 'இல்லை' என்று எழுதுவது பொய். அந்தப் பொய் கிரீன் கார்டையே நிரந்தரமாகத் தடுத்துவிடக்கூடும்.

பி-2வில் வந்த பெற்றோர் அங்கேயே இருந்து ஐ-485 படிவம் மூலம் நிலை மாற்றம் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. நுழையும் இடத்தில் அதிகாரியால் பரிசோதிக்கப்பட்டு முறையாக உள்ளே வந்த உடனடி உறவினருக்கு, தங்கும் காலம் கடந்துபோனாலும்கூட அந்த வழி அடைபடுவதில்லை. ஆனால் கிரீன் கார்டு கேட்கும் திட்டத்தோடே சுற்றுலா என்று சொல்லி உள்ளே வந்தால் அது தவறான தகவல் கொடுத்ததாக ஆகும். வந்த பிறகு சூழல் மாறி முடிவெடுத்தார்கள் என்றால் அது வேறு. 90 நாள் கழித்துப் போட்டால் போதும் என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அது வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் வழிகாட்டிதான். 91ஆம் நாள் எல்லாம் சரியாகிவிடும் என்று அதற்குப் பொருளில்லை.

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது முன்னனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஊரில் உடன்பிறந்தவர் இறந்துவிட்டார், காரியத்துக்குப் போக வேண்டும் என்ற நிலை எழுபது வயதுக்காரர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் வரும். அந்த அனுமதிக்கான ஐ-131 படிவத்தையும் ஐ-485உடன் சேர்த்தே போட்டுவிடுங்கள். ஐ-130 நிலுவையில் இருப்பதோ ஏற்கப்பட்டிருப்பதோ மட்டும் அமெரிக்காவில் தங்கும் உரிமையைத் தராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கோப்பு நகரவே இல்லை என்றால்

சரி, எல்லாம் ஒழுங்காகக் கொடுத்தாயிற்று, ஆனாலும் அசையவில்லை. வரிசையாக இப்படிப் போகலாம்:

1. முதலில் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். யுஎஸ்சிஐஎஸ் ரசீது எண் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்டது. விசா மையத்தின் எண் வேறு. ஒரு மேசையில் இருக்கும் கோப்பைப் பற்றி இன்னொரு மேசையில் கேட்டால் பதில் வராது.

2. யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் செயல்பாட்டு நேரம் என்று போட்டிருப்பது 80 சதவீத மனுக்கள் முடிந்த காலம். சராசரி அல்ல. உங்கள் ரசீதுத் தேதியைப் போட்டால், எந்தத் தேதிக்குப் பிறகு விசாரிக்கலாம் என்று காட்டும். அதற்கு முன் கேட்பதால் பயனில்லை. அந்தத் தேதி கடந்ததும் இணையத்திலேயே விசாரணைக் கோரிக்கை போடலாம்.

3. வீடு மாறியிருந்தால் உடனே புது முகவரியைத் தெரிவித்துவிட வேண்டும். கூடுதல் ஆதாரம் கேட்டு வந்த கடிதம் பழைய முகவரிக்குப் போய், கெடு முடிந்து, மனு மறுக்கப்படுவது நடக்கிறது. அந்தக் கடிதத்துக்கு ஒரே ஒருமுறைதான் பதில் கொடுக்க முடியும். கேட்ட எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்புங்கள்.

4. விரைவுக் கோரிக்கை. பெற்றோருக்குக் கடும் நோய் போன்ற அவசர மனிதாபிமானக் காரணத்துக்குப் போடலாம். 'வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறார்' என்பது மட்டும் பொதுவாகப் போதாது. நோய் என்ன, என்ன கவனிப்பு வேண்டும், ஏன் இப்போதே வேண்டும் என்று தெளிவாகச் சொல்லும் மருத்துவரின் கடிதம் வேண்டும்.

5. உங்கள் தொகுதிப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் அல்லது செனட்டர் அலுவலகம். இதற்கென்றே அங்கே ஊழியர்கள் இருக்கிறார்கள். தனிநபர் விவரத்தைப் பகிர அனுமதிக்கும் படிவம் ஒன்றில் கையெழுத்திட்டால் அவர்கள் துறையிடமோ தூதரகத்திடமோ விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது. முடிவை மாற்ற அவர்களால் முடியாது. ஆனால் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் கோப்பை யாராவது எடுத்துப் பார்க்க அது காரணமாகலாம். நம் ஆட்கள் கூச்சப்பட்டுத் தவிர்க்கும் வழி இது. கூச்சப்பட வேண்டியதில்லை, தொகுதியில் வாழ்பவர்களுக்காக அந்த அலுவலகம் செய்யும் வழக்கமான வேலைதான்.

6. கடைசியாக நீதிமன்றம். காரணமில்லாமல் நீளும் தாமதத்துக்கு எதிராக மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் 'மண்டாமஸ்' வழக்குப் போடலாம். தாக்கல் கட்டணம் 405 டாலர், வழக்கறிஞர் செலவு தனி. 'முடிவெடு' என்று மட்டும்தான் நீதிமன்றம் சொல்லும், 'ஏற்றுக்கொள்' என்று சொல்லாது. எத்தனை மாதம் ஆனால் அது அநியாயத் தாமதம் என்பதற்கு நிலையான எண் கிடையாது. ஆவணத்தில் குறை இருக்கும் கோப்புக்கு வழக்குப் போட்டால் சீக்கிரமே மறுப்பு வரக்கூடும்.

இரண்டாவது மேசையில் ஒரு கெடு நம் பக்கம் இருக்கிறது. விசா மையத்தின் கடிதத்துக்குப் பிறகு ஒரு வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் கோப்பை முடித்துவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, கொஞ்ச நாள் போகட்டும் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் அவ்வப்போது ஒரு செய்தியாவது அனுப்பிவைக்க வேண்டும். இன்னொன்று, அப்பாவின் கோப்பும் அம்மாவின் கோப்பும் வேறு வேறு எண்கள். ஒன்று முன்பே நிறைவடைந்துவிட்டால் நேர்காணல் தேதியும் தனித்தனியாக வரலாம். இருவருக்கும் ஒரே நாளில் ஆவணங்களை ஏற்றுங்கள்.

மும்பை தேதியைச் சீக்கிரம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் முகவர்களிடம் அப்படி ஒரு வழி கிடையாது.

வந்து சேர்ந்த பிறகு

குடியேற்றக் கட்டணம் 235 டாலரைக் கட்டினால் கிரீன் கார்டு தபாலில் வரும். அடுத்த பெரிய விஷயம் மருத்துவக் காப்பீடு. 65 வயது ஆகிவிட்டது என்பதற்காக மட்டும், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உடனே கிடைத்துவிடாது. அங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாதவர்கள் கிரீன் கார்டோடு 5 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகுதான் சந்தா கட்டி அதில் சேர முடியும். அதுவரை காப்பீட்டுச் சந்தையில் திட்டம் வாங்க வேண்டும். அந்த வயதுக்கு மாதச் சந்தா கணிசமாக வரும். பெற்றோரை அழைக்கலாமா என்று யோசிக்கும்போதே இந்தத் தொகையை விசாரித்துக் கணக்கில் வையுங்கள்.

கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் வாழ்வதற்கானது. ஊரில் ஆறு மாதம், அமெரிக்காவில் ஆறு மாதம் என்று பல பெற்றோர் விரும்புகிறார்கள். அவர்கள் ஆசை நியாயமானது. தோப்பும் வீடும் கோயிலும் உறவும் ஊரில் இருக்கின்றன. ஆனால் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பும்போது கேள்வி வரும். ஒரு வருடம் தாண்டினால் அந்த அட்டையை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. வருடத்தில் பாதிக்கு மேல் ஊரில்தான் இருப்போம் என்று பெற்றோரே சொன்னால், பத்து ஆண்டு பி-2 விசா அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம். ஒரு வருகையில் பொதுவாக 6 மாதம்வரை தங்கலாம், கிரீன் கார்டைக் காப்பாற்றும் கவலையும் இல்லை.

கிரீன் கார்டு வாங்கிய பிறகு நீண்ட நாள் ஊரில் தங்க வேண்டிய கட்டாயம் வந்தால் மறுநுழைவு அனுமதி உண்டு. அதுவும் ஐ-131 படிவம்தான், 2 ஆண்டுவரை செல்லும். விண்ணப்பத்தைப் போடும்போது பெற்றோர் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். ஊருக்கு வந்த பிறகு இங்கிருந்து அதைப் போட முடியாது.